ஏசி போட்டு நின்றால் முள் ஏறுகிறது

என் கார் ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. சாலை காலியாக இருந்து 60ல் போய்க்கொண்டிருந்தால் டெம்பரேச்சர் முள் பாதிக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்கும், ஏசியும் ஜில்லென்று வீசும். சிக்னலில் மாட்டினால்தான் வினை. இரண்டு நிமிடத்தில் ஏசிக் காற்றில் குளிர்ச்சி போய்விடும், நாலாவது நிமிடத்தில் முள் முக்காலைத் தாண்டும். ஏசியை அணைத்தால் மெல்ல இறங்கிவிடும்.

வண்டிக்கு வயது 24. இந்த வயதில் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று நெரிசலில் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, வியர்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு நாள் ரிசர்வ் டேங்க் பொங்கி பானட் இடுக்கு வழியாக ஆவி வந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு (ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், உயிர் போகிற நேரத்தில் உதவும்) உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில்தான் இதை முழுசாகப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நாலு வார இறுதிகள் போயின.

முதலில் அளவு. முள்ளை நம்பி எதையும் ஒப்பிட முடியாது, பழைய வண்டிகளில் அது குத்துமதிப்பாகத்தான் காட்டும். ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் எடுத்துக்கொண்டேன். அதைப் பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் மேல் ஹோஸ் எஞ்சினில் சேரும் உலோகக் கழுத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, எப்போதும் அந்த இடத்தையே அளந்தேன். நிழலில் வெளி வெப்பம் 36 டிகிரி. வண்டி நின்ற இடத்தில், பானட் மூடி, ஏசி முழு வேகத்தில், பத்து நிமிடம் ஓடிய பின் பானட்டைத் திறந்து ஒரு அளவு. 109 டிகிரி. டாஷ்போர்டில் ஏசிக் காற்று வரும் ஜன்னலில் வைத்த சாதா தெர்மாமீட்டர் 19 காட்டியது. இந்த இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

அப்புறம் செய்ததெல்லாம் யாரும் முதலில் செய்வதுதான். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட்டை இறக்கினேன், டீ நிறத்தில் வந்தது. இரண்டு முறை நல்ல தண்ணீர் ஓட்டி அலசி, பாதிக்குப் பாதி கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றினேன். முன்பக்கத்தை ஜாக்கில் சற்றுத் தூக்கி வைத்து, ஹீட்டரைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினேன். பழைய கூலண்ட்டைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும் என்று நாய் நக்கும், பூனையும் நக்கலாம், விஷம்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, புதுசு போட்டேன். மூடி சின்னப் பொருள் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். என்னுடையதில் 0.9 என்று பொறித்திருக்கும். அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். பிடிக்காவிட்டால் 100லேயே பொங்கிவிடும். அன்றைக்கு டேங்க் பொங்கியதற்கு இந்த மூடியும் ஒரு காரணம். (எஞ்சின் சூடாக இருக்கும்போது அதைத் திறக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) பார்க்கலாம் என்று கழுத்தைக் கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை! சூடாகிற வண்டி என்றால் அதைக் கழற்றிப் போட்டுவிடுவது பழைய வைத்தியம். முன்பு வைத்திருந்தவர் யாரோ செய்திருக்கிறார். என் எஞ்சின் மாதிரி சிலவற்றில் தெர்மோஸ்டாட் ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போதே பைபாஸ் துளையை அடைக்கவும் செய்யும். அது இல்லாவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். குளிர்விக்கத்தான் கழற்றினார், நடந்தது நேர்மாறு.

புது தெர்மோஸ்டாட்டை அப்படியே மாட்டவில்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரும் வைத்து அடுப்பை ஏற்றினேன். 82 என்று அதில் அடித்திருந்தது. 81 வரை ஒன்றும் இல்லை. 83ல் நடுவட்டு முடியளவு விலகியது. 90ல் நன்றாகத் தெரிந்தது. 95ல் முழுசாகத் திறந்துவிட்டது. அடுப்பை அணைத்ததும் மெதுவாக மூடிக்கொண்டது. கால் மணி நேரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேலை கெட்டது என்றுகூடச் சொல்லலாம்.

எல்லாம் மாட்டி மறுபடி அதே பத்து நிமிடச் சோதனை. 107.

இரண்டு வார இறுதிக்கு இரண்டு டிகிரி. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, போனால் எஞ்சின் புகை தண்ணீரில் கலக்கும்) போயிருக்குமோ என்று வயிற்றைக் கலக்கியது. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவம் இருக்கிறதே, புகை கலந்தால் மஞ்சளாகும், அதை வைத்துப் பார்த்தேன். நீலமாகவே இருந்தது. நல்லது.

கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் இவ்வளவு சுற்றியிருக்க மாட்டேன். ஏசி உள்ளேயிருந்து எடுக்கும் சூட்டைக் கண்டன்சரில் கொண்டுவந்து கொட்டுகிறது. கண்டன்சர் இருப்பது ரேடியேட்டருக்கு நேர் முன்னால். அதனால் ஏசி ஓடும்போது ரேடியேட்டருக்கு வருவதே சுட்ட காற்று, போதாததற்குக் கம்ப்ரசரை இழுக்கும் சுமையும் எஞ்சின் தலையில். வண்டி ஓடினால் எதிர்காற்றே இரண்டையும் குளிர்விக்கும். நின்றால் ஃபேன் மட்டும்தான். ஓடும்போது சரி, நின்றால் மட்டும் சூடு என்றால் குறை தண்ணீரில் இல்லை, காற்றில். வண்டி முதல் நாளிலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கூலண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் வண்டியில் ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு எலக்ட்ரிக் ஃபேன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஏசி போட்டால் இரண்டும் சுற்ற வேண்டும். சுற்றின. சத்தமும் நன்றாக இருந்தது. சும்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன் கிரில்லில் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் வைத்ததும் சட்டென்று ஒட்டிக்கொண்டது, கையை எடுத்தாலும் விழவில்லை. வலது பக்கம் வைத்தேன். தாள் என் கையைத் தள்ளிக்கொண்டு வெளியே பறந்தது.

கையை வைத்துப் பார்த்தால் கிரில் வழியாக வெந்நீர்க் குளியலறை மாதிரி காற்று வருகிறது. வலது ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது! இடது ஃபேன் உள்ளே இழுப்பதும், வலது ஃபேன் எஞ்சின் சூட்டை முன்னால் தள்ளுவதும், அதையே மறுபடி இடது இழுப்பதுமாக ஒரு சுற்று. வேகமாகப் போகும்போது எதிர்காற்று அதை அமுக்கிவிட்டதால் தெரியவே இல்லை.

இதற்கு யாரைத் திட்டுவது? என்னைத்தான். போன குளிர்காலத்தில் அந்த ஃபேன் மோட்டார் எரிந்து, வேறொன்று வாங்கி நானே மாட்டினேன். சாக்கெட் பொருந்தவில்லை என்று வயரை வெட்டி இணைத்தேன். மோட்டாரிலிருந்து வந்த இரண்டு வயரும் கறுப்பு. எப்படி வைத்தாலும் சுற்றும்தானே என்று இணைத்துவிட்டேன். டிசி மோட்டாரில் பிளஸ், மைனஸ் மாறினால் சுற்றும் திசையே மாறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. குளிர்காலத்தில் ஏசி போடவில்லை, அதனால் கோடைவரை தப்பித்துக்கொண்டேன்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வயர்களை மாற்றினேன். சாவி எடுத்திருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும், விரல் பத்திரம். தாள் இப்போது இரண்டு பக்கமும் ஒட்டியது. பத்து நிமிடத்தில் 100. நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டேன்.

ஆனாலும் 100 என்பது சௌகரியமான எண் இல்லை. மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், ஃபேன் சாக்கெட்டில் 11.3. இரண்டரை வோல்ட் வழியிலேயே தொலைகிறது. எர்த் போல்ட்டுக்கு அடியில் துருப்பொடி, ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயின் ஒரு கால் கருகிப் பழுப்பேறியிருந்தது. எர்த்தைத் தேய்த்து இறுக்கி, ரிலே மாற்றியதும் 13.3 வந்தது. சத்தத்திலேயே வித்தியாசம் கேட்டது. 98.

நாலாவது வாரம் அழுக்கு வேலை. முன்னாலிருந்து பார்த்தால் கண்டன்சர் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் டார்ச் அடித்து முன்னாலிருந்து பார்த்தபோது கீழ்ப்பாதியில் வெளிச்சமே வரவில்லை. ஏசி குழாய்களைத் தொடாமல் (கழற்றினால் கேஸ் போய்விடும்) ரேடியேட்டரை மட்டும் கழற்றித் தூக்கினேன். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பளம் இருந்தது. தூசி, பஞ்சு, பூச்சி இறக்கை, சருகு எல்லாம் சேர்ந்து ரேடியேட்டர் முகத்தில் கீழ்ப்பாதி முழுக்கப் போர்த்தியிருந்தது. விரலால் பிடித்து இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. கண்டன்சர் வழியாகப் புகுந்ததெல்லாம் ரேடியேட்டரில் போய் நின்றிருக்கிறது, வெளியிலிருந்து எத்தனை முறை கழுவியிருந்தாலும் போயிருக்காது.

சாதாக் குழாய்த் தண்ணீரில், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, வந்த வழியே திரும்பிப் போகும்படி கழுவினேன். பிரஷர் வாஷர் வேண்டாம், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்கள் தாள் மாதிரி மடங்கிவிடும். ஏற்கெனவே மடங்கியிருந்தவற்றைச் சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால் நிமிர்த்தினேன். பத்து நிமிர்த்துவதற்குள் கழுத்து வலித்தது, மிச்சத்தை அப்படியே விட்டேன்.

திரும்ப மாட்டும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ரேடியேட்டரின் இரு பக்கமும் மேலேயும் பட்டையாக ஃபோம் இருந்த தடம். ஃபோம் மட்கி உதிர்ந்திருக்கிறது. அந்த இடைவெளி வழியாக எஞ்சின் சூடு முன்னால் வந்து, ஃபேன் அதையே மறுபடி இழுக்கும். ஒட்டும் ஃபோம் பட்டை வெட்டி மூன்று பக்கமும் அடைத்தேன். அரை மணி நேர வேலை.

அதே 36 டிகிரி நாளுக்காக இரண்டு நாள் காத்திருந்து கடைசிச் சோதனை. பத்து நிமிடத்தில் 95. இருபது நிமிடம் விட்டேன், 95ஐத் தாண்டவில்லை. ஏசி ஜன்னலில் 10 டிகிரி. கேஸ் நிரப்பவில்லை, ஏசியில் எதையும் தொடவில்லை. கண்டன்சர் தன் சூட்டை ஒழுங்காகக் கொட்ட முடிந்ததே போதுமாக இருந்தது. முதலில் சிலர் ஏசியில் கேஸ் குறைவு என்று சொன்னார்கள். நிரப்பியிருந்தால் அளவுக்கு மேலாகிக் கண்டன்சர் அழுத்தமும் சூடும் இன்னும் ஏறியிருக்கும்.

ஒன்று மட்டும் பாக்கி. சுமையோடு நீண்ட ஏற்றத்தில் ஏசி போட்டால் முள் இன்னும் ஒரு கோடு ஏறுகிறது. தெர்மாமீட்டரால் ரேடியேட்டரைக் கட்டம் கட்டமாக அளந்ததில் வலது கீழ் மூலை மட்டும் பக்கத்து இடங்களைவிட 15 டிகிரி குறைவு. அங்கே குழாய்கள் உள்ளே அடைத்துக்கொண்டு சுடுதண்ணீரே போகவில்லை. அலசியும் திறக்கவில்லை, ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும். புதுசு வரும்வரை ஏற்றத்தில் ஏசியை அணைத்துக் கொள்கிறேன், சிக்னலில் அணைப்பதில்லை.