லீக்ஸ் அடியும் எக்ஸ்ரே தாளும்: தலவாக்கலையில் ஒரு வண்ண மாதம்

2024 ஜூன் 2, ஞாயிறு

இலங்கை மலையகத்தில் தலவாக்கலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் கூடும் பிள்ளைகளிடம், இந்த வாரம் தூரிகை வேண்டாம், வீட்டில் சும்மா கிடப்பதை எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். பல் போன சீப்பு, மருந்துப் போத்தல் மூடி, தீர்ந்துபோன கைபேசி ரீலோட் அட்டை, முள்ளுக்கரண்டி, பிஸ்கட் பெட்டிக்குள் வரும் நெளி அட்டை எல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு பையன் தன் அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கிலிருந்து ஒரு கிழிசலைச் சட்டைக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்தான். உரப்பையை வெட்டித் தைத்த படங்கு அது.

அதைத்தான் முதலில் எடுத்தோம். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சில் கரும்பச்சை அக்ரிலிக்கைத் தொட்டு, மெல்லியதாக ஒற்றி, கடதாசியில் கவிழ்த்து உள்ளங்கையால் அழுத்தினோம். எடுத்துப் பார்த்தால் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் பின்னல் அப்படியே இருந்தது. நடுவில் அவன் அம்மா கிழிசலை மூட்டிய தையல், ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியாக. அவன் விரலை வைத்து அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து போனான்.

பக்கத்திலிருந்த பிள்ளை, “டீச்சர், இதை ஒரு வயல் ஆக்கலாமா? மேலே சூரியன் போடலாமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். படங்கு தன் தடத்தைத் தானே சொல்லியிருக்கிறது, அதன் தலையில் சூரியனை ஏற்ற வேண்டியதில்லை. பிள்ளைகளின் கையில் வண்ணம் கொடுத்தவுடன் மலை, அருவி, கூடை சுமந்த பெண் என்று வரையச் சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அவர்களுக்குத் தொட்டுப் பழகிய பொருள்கள் ஏராளம் இருக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்கட்டும்.

2024 ஜூன் 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். தென்மேல் பருவக்காற்று வந்துவிட்டால் இங்கே துணியே காயாது, வண்ணம் எப்படிக் காயும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நான் இந்த ஈரத்தை விரும்புகிறேன்.

அக்ரிலிக் என்பது நீரில் பரவியிருக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் நிறப்பொடியும். நீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி ஒட்டி ஒரே படலமாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. ஈரத்தில் சற்று வெளிறித் தெரிவதும் காய்ந்தபின் அடர்ந்து போவதும் இதனால்தான்: வெண்மையாக இருந்த ஊடகம் காய்ந்ததும் தெளிந்துவிடுகிறது. வெயில் ஊர்களில், ஈரப் பூச்சைச் சீவிக் கோடு எடுக்கலாம் என்று சீப்பை எடுப்பதற்குள் வண்ணம் இறுகிவிடும். இங்கே சாவகாசமாகச் சீவலாம், அழித்து மறுபடி சீவலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே அந்தத் துகள்கள் சரியாக ஒட்டுவதில்லை, படலம் வலுவின்றிப் போகிறது. தை மாதத்தில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படியும் இரவுகளில் படங்களை வீட்டு முன்புற இஸ்தோப்பில் விட்டுவிடக் கூடாது.

இன்று சீவியது நீலத்தின் மேல் மஞ்சள். அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்த பின்னர்தான் மேல்பூச்சு. மேலே இருப்பது ஈரமாக இருக்கும்போதே சீப்பை இழுத்தால் கீழிருக்கும் நீலம் கோடுகோடாக எட்டிப் பார்க்கும். ரீலோட் அட்டையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் பல் வெட்டினால் அதுவும் ஒரு சீப்புதான்.

2024 ஜூன் 16, ஞாயிறு

மரக்கறி நாள். உணவை வீணாக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் மரக்கறி விலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே சமைக்கும்போது வெட்டி எறிகிற பகுதி மட்டும்: லீக்ஸின் வேரடி, கோவாவின் (முட்டைக்கோஸின்) முற்றிய வெளி இலை, வெண்டிக்காய்க் காம்பு, கரட் தலை.

லீக்ஸ் அடியைப் போல ஒரு முத்திரையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வேரை ஒட்டிக் கத்தியால் ஒரே வெட்டு, நேராக. வெட்டுமுகத்தில் சாறு கசியும். அதைப் பழந்துணியில் வைத்து ஒற்றி எடுக்காவிட்டால் வண்ணம் வழுக்கிப் போகும். வண்ணத்தில் நேரே முக்கக் கூடாது, தட்டையான ஸ்பொஞ்சில் வண்ணத்தைப் பரப்பி அதன்மேல் தட்ட வேண்டும். கடதாசியில் வைத்து, அசைக்காமல் அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். வட்டத்துக்குள் வட்டமாக மடல்கள் விழும். எந்த வட்டமும் முழு வட்டம் இல்லை. ஒரு பக்கம் இரண்டு மடல் ஒட்டிப் போயிருக்கும், ஓரிடத்தில் இடைவெளி அகன்றிருக்கும். முதல் அச்சு கனமாக, அடுத்தது தெளிவாக, அதற்கடுத்தது மங்கலாக வரும். நடுவில் வரும் அந்தத் தெளிவான அச்சுக்காகவே நான் காத்திருப்பேன். பிள்ளைகளுக்கு மங்கலானதுதான் பிடித்தது. அதுவும் சரி.

கோவா இலையில் நரம்பு புடைத்திருக்கும் பின்புறத்தில் பூச வேண்டும். வெண்டிக்காய் ஐந்து மூலைப் பூவாக விழும். கரட் தலைக்கு அவ்வளவு சிறப்பு இல்லை.

2024 ஜூன் 21, வெள்ளி

பொசன் போயா (பௌத்தர்களின் ஜூன் முழுநிலா நாள்) விடுமுறை. அம்மாயி வீட்டில் உடுப்பு வைத்திருக்கும் பழைய பலகைத் தேயிலைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இப்போது தொழிற்சாலையிலிருந்து தேயிலை கடதாசிப் பைகளில் போகிறது. இந்தப் பெட்டிகள் வீடுகளில்தான் மிச்சம். உள்ளே ஒட்டியிருந்த அலுமினியத் தாள் ஓரங்களில் பிய்ந்து தொங்கியது. “பிள்ளை, பலகை சிராம்பு கையில் ஏறும், பார்த்து எடு” என்றபடி அவரே ஒரு துண்டைக் கிழித்துத் தந்தார். மிகப் பழைய பெட்டிகளில் ஈயத்தாள் இருந்ததுண்டு, அதைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. இது ஈயம் இல்லை, அலுமினியம்தான்.

தாள் வண்ணத்தை உறிஞ்சாது. பூசிவிட்டுத் தீக்குச்சியின் அடியால் கீறினால் உள்ளிருந்து வெள்ளி மின்னும். அம்மாயி குச்சியை வாங்கி ஒரு தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிய கோலத்தில் கீறினார், கிளை கிளையாக, இலையே இல்லாமல். இதுவரை அவர் படம் போட்டு நான் பார்த்ததில்லை.

2024 ஜூன் 23, ஞாயிறு

மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய ஓவியர் 1925-இல் பிரான்சில் ஒரு கடலோர விடுதியில் தங்கியிருந்தபோது, தேய்ந்த தரைப்பலகையின் மேல் கடதாசியை விரித்துப் பென்சிலால் தேய்த்து அதன் ரேகைகளை எடுத்த கதையைச் சொன்னேன். வண்ணம் பூசிய கான்வாஸைப் பொருள்களின் மேல் விரித்துச் சுரண்டும் முறையையும் அவர் பின்னாளில் கையாண்டார். உடனே எல்லோரும் வாசிகசாலைக் கதவைத் தடவத் தொடங்கிவிட்டார்கள்.

நாங்கள் கதவுக்குப் பதில் கொழுந்துக் கூடையை எடுத்தோம். காய்ந்த வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்பு பூசி, ஈரம் போகுமுன் கடதாசியைக் கூடையின் பக்கத்தில் இறுக்கிப் பிடித்து அட்டையால் ஒரு தடவை வழித்தோம். பிரம்பு மேடான இடமெல்லாம் வெள்ளை, பள்ளமெல்லாம் சிவப்பு.

பழைய எக்ஸ்ரே தாளையும் பயன்படுத்தினோம். அதில் வண்ணத்தைப் பரப்பி, ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ கொண்ட கொழுந்தை வைத்து, மேலே கடதாசி போட்டு உரித்தால் கொழுந்து இருந்த இடம் மட்டும் வெறுமையாக நிற்கும். கொழுந்தை எடுத்துவிட்டு இரண்டாவது கடதாசியை அழுத்திப் பாருங்கள். இலை விளிம்பின் அரம்பப் பல்கூட அதில் விழுகிறது.

2024 ஜூன் 30, ஞாயிறு

தகர மூடி, ஜாம் போத்தல், ஆற்றுக்கல். வழவழப்பான எதையும் சவர்க்காரத்தால் கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்த பிறகே பூச வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கிலும் மெழுகிலும் அக்ரிலிக் பிடிக்காது. (மெழுகுதிரியால் கடதாசியில் கோலம் போட்டு மேலே நீர்த்த வண்ணம் பூசினால் கோலம் வெள்ளையாக நிற்பதும் இதனால்தான்.) உண்ணும் தட்டு, குடிக்கும் கோப்பை எதிலும் பூச வேண்டாம்.

இனி நான் விட்டுக்கொடுக்காத விஷயம். வண்ணம் படிந்த ஸ்பொஞ்சையும் சீப்பையும் ஓடைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் கொண்டுபோய்க் கழுவக் கூடாது. அந்தத் தண்ணீர் கீழ் லயத்துக்குப் போகிறது, வண்ணத்தில் இருப்பது பிளாஸ்டிக். முதலில் பழைய பத்திரிகையில் முடிந்த மட்டும் துடைத்துவிடுகிறோம். பிறகு வாளியில் அலசி, அந்த நீரை அசையாமல் வைக்கிறோம். அடியில் வண்டல் படிந்ததும் மேல்நீரைத் துணியில் வடிகட்டி, ஓடையிலிருந்து தள்ளிய வெறும் மண்ணில் ஊற்றுகிறோம். துணியில் தங்கியதைக் காயவைத்துக் குப்பையோடு சேர்க்கிறோம். வாளிக்குப் பொறுப்பு படங்குப் பையன். யாராவது பீலிப் பக்கம் போனால் அவன் விடுவதில்லை.

அடுத்த ஞாயிறு நூல் இழுப்பு, அதாவது வண்ணத்தில் தோய்த்த நூலைக் கடதாசிக்குள் வைத்து இழுத்து எடுக்கும் அச்சு. தையல் நூல் வேண்டாம், சாக்குக் கட்டும் தடித்த நூலாகக் கொண்டு வாருங்கள்.