15 படங்களும் அம்மாச்சியின் கையும்
கனடாவில் படிக்கும் அக்கா மகள் ஏபி டிராயிங் போர்ட்ஃபோலியோ தயாரிக்கிறாள். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ஓவியப் பாடம் அது, மதிப்பெண்ணுக்கு அனுப்பும் படத் தொகுப்புதான் போர்ட்ஃபோலியோ. ஒரே கேள்வியைத் தொடர்ந்து தேடி 15 படங்கள், அப்புறம் தெரிவு செய்த 5 வேலைகள். அந்த 15க்குத்தான் 60 சதவீத மதிப்பெண். அவள் எடுத்த விஷயம் அம்மாச்சியின் கை.

"சித்தி, போட்டோ அனுப்புங்க."

இங்கே இலங்கை மலையகத்தில், ஹட்டனில் விடாத மழை. அம்மா கையில் தேயிலைக் கொழுந்து பறித்த கறை போய்ப் பல வருடம், விரல் வெடிப்பு மட்டும் அப்படியே. அம்மாவோ கையைக் கழுவி, வளையல் போட்டு நீட்டுகிறார்!

அவள் வரைந்த முதல் படம் தேயிலை விளம்பரம் மாதிரி இருந்தது, சொல்லிவிட்டேன். ஆனால் அதைக் கிழிக்கக் கூடாதாம். திருத்தி மாற்றிய வழியையும் மதிப்பெண் போடுகிறவர்கள் பார்ப்பார்களாம். இப்போது பச்சையே இல்லை. கரி, கொஞ்சம் சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத தேநீர்.

அம்மா பார்த்துவிட்டு, "என் கை இவ்வளவு கறுப்பா?" என்கிறார்.