தலைமாட்டில் இருந்தவர்

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். புதன்கிழமை மஞ்சக்குப்பத்தில் அறுவை. மூன்று மாதமாக வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். "அப்பருக்கு வந்த சூலை" என்கிறாள். பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு, கெடிலக் கரையில் திருவதிகை வரை நீளும் அந்தக் கதை சொந்த வீட்டுக் கதை. கத்திக்கு அவள் அஞ்சவில்லை. "பாதியில் விழித்துக்கொண்டால் என்ன செய்வது பாப்பா?" இரண்டு நாளாக இதே கேள்வி.

பதினொன்றாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்துகிறேன். என் அம்மாவுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மயக்க மருத்துவரைப் பார்த்தோம். ஆடுகிற பல் இருக்கிறதா, வாய் எவ்வளவு திறக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று ஒன்றையும் விடவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் அறுவைக்கு 2 மணி நேரம் முன்பு வரை. மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

"தூங்க வைத்துவிடுவீர்களா டாக்டர்?"

"தூக்கம் இல்லைம்மா. தூங்குகிறவரைக் கிள்ளினால் எழுந்துவிடுவார். இது அதைவிட ஆழம். நீங்கள் திரும்பி வரும்வரை உங்கள் தலைமாட்டை விட்டு நகர மாட்டேன்."

அம்மாவின் தோள் அப்போதுதான் தளர்ந்தது.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் படித்தேன். முதலில் இரத்தக் குழாயில் ஏற்றுவது புரோபோஃபால் என்ற மயக்க மருந்து. தண்ணீரில் கரையாது என்பதால் சோயா எண்ணெயில் கலந்து வருகிறது. பால் போல வெள்ளையாக இருக்கும். மூளையில் நரம்பணுக்களை அடக்கி வைக்கும் 'காபா' என்ற பொருளின் வேலையை அது பலமடங்கு பெருக்குகிறது. அணுக்களின் சுவரில் குளோரைடை உள்ளே விடும் வாயில்கள் திறந்தே கிடக்க, அணுக்கள் பேச்சடங்குகின்றன. மூளையின் நடுவே உள்ள தலாமஸுக்கும் மேலடுக்கான மூளைப் புறணிக்கும் நடக்கும் போக்குவரத்து குலைகிறது. நினைவு தப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு செவோஃப்ளூரேன் போன்ற ஆவி மூச்சு வழியே அந்த ஆழத்தைக் காக்கிறது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் அறுவைக்கு ஈதர் என்ற மயக்க ஆவியைக் கொடுத்துக் காட்டினார்; இத்தனை ஆண்டுகள் ஆகியும் நினைவு எப்படி அணைகிறது என்பது முழுதாகத் தீர்ந்த கேள்வி அல்ல.

என்னை உலுக்கியது வேறு. நினைவு போனாலும் உடம்புக்குத் தெரிகிறது! கத்தி பட்டதும் செய்தி முதுகுத் தண்டுக்கு ஓடுகிறது. ஆள் மயங்கிக் கிடக்க, நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. வலி என்று உணர மூளை விழித்திருக்க வேண்டும். செய்திக்கு அது தேவையில்லை. அதனால்தான் ஃபென்டனில் என்ற வலி மருந்தைத் தனியாகக் கொடுக்கிறார்கள். முதுகுத் தண்டிலும் மூளையிலும் அமர்ந்து அந்தச் செய்தியைக் கைமாறவிடாமல் மறிக்கிறது. தசையைத் தளர்த்த இன்னொரு மருந்து. அதனால் மூச்சும் நின்றுவிடும். தொண்டையில் குழாய் இறக்கி இயந்திரம் சுவாசிக்க வைக்கும். நான் வகுப்பில் ஒற்றை வார்த்தையில் 'மயக்கம்' என்று கடந்து போயிருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

மூக்குத்தியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். என் கல்யாணத்துக்குக்கூடக் கழற்றாதது. திருகு துருவேறியது போல இறுகிக் கிடந்தது. செவிலியர் ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகினார். வந்துவிட்டது. தாவணிக் காலத்திலிருந்து வெயில் படாத ஒரு சின்ன வட்டம் அம்மாவின் மூக்கில் வெளுத்திருந்தது. சுருக்குப்பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். மருதாணி சிவக்காத விரலாகப் பார்த்து ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டினார்கள்.

கதவு மூடியது. 9.10. திறந்தபோது 10.50.

கண் திறந்து கரகரத்த குரலில் கேட்டாள்: "இன்னும் கூப்பிடவில்லையா?"

தூங்கி எழுந்தால் நேரம் போனது தெரியும். அவளுக்கு அந்த ஒரு மணி நாற்பது நிமிடம் நடக்கவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

வயிற்றில் நான்கு துளைகள். அம்மாவோ வலது தோளைப் பிடித்துக்கொண்டு "இங்கே என்ன செய்தார்கள்?" என்கிறாள். வயிற்றை உப்பவைக்க ஏற்றிய கரியமில வாயுதான் காரணம். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத் திரையான உதரவிதானத்தை அது உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால், மூளை இடம் மாற்றித் தோளைக் காட்டுகிறது. ஓரிரு நாளில் போய்விடும் என்றார்கள்.

ஜூன் 14, சனி

வீட்டில் இருக்கிறாள். ரசம் சாதம் இறங்குகிறது. தோள் வலி குறைந்திருக்கிறது. மூக்குத்தியை நானே போட்டுவிட்டேன்.

"தலைமாட்டிலேயே இருந்தாரே, அவர் பெயர் என்ன பாப்பா?"

மருத்துவமனைச் சீட்டில் தேடினேன். இரண்டாம் பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில் இருந்தது. வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.