ஆயா வைத்துப்போன 54 தேங்காய் பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமை சித்தூர் பக்கத்துக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். அம்மா, தம்பி, நான், கூடவே இரண்டு சாக்கில் 54 தேங்காய்.

54 எங்கள் வீட்டுப் பாக்கிக் கணக்கு. சித்தூர் வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அப்பாவைப் பெற்ற ஆயா அதைக் கரியால் எழுதி வைத்திருந்தாள். பொங்கலுக்கு வெள்ளையடித்தால் அழிந்துபோகும். மறுநாள் காலையில் அடுப்புக்கரி ஒன்றை எடுத்து, அதே இடத்தில் திரும்ப எழுதிவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். ஆயா போன பிறகு அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள்.

இது ஒரு மாம்பழத்தில் ஆரம்பித்த கதை. 1986 கோடை. எனக்கு ஏழு வயசு, தம்பிக்கு நாலு. அவனுக்கு அதுவரை பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும், சொன்ன வேலையைச் செய்வான், கிச்சுகிச்சு மூட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பான். வார்த்தை மட்டும் வராது. ஆயா நாக்கில் வசம்பு உரசித் தடவினாள், தேன் தடவினாள், தெரிந்த கோயிலுக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போனாள். ராத்திரி அவன் தூங்கிய பிறகு, அவன் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் பக்கம் கிளிமூக்கு மாங்காய்க்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வருஷத்தின் முதல் பழம் காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்குத்தான். அதை அரிசிப் பானையில் புதைத்து வைப்பாள் ஆயா. அந்த வருஷம் நான் அந்தப் பானைக்குள் கையை விட்டேன். அரிசிக்குள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்தபோது முழங்கை வரைக்கும் பழ வாசனை. கிணற்றடிக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றுவிட்டுக் கொட்டையைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஆயாவுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் இரண்டு பேரையும் காலண்டர் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். "காணிப்பாக்கத்து மேல சத்தியமா சொல்லுங்க, யார் எடுத்தது?"

சித்தூர்க்காரர்களுக்கு இதன் கனம் தெரியும். கடன் தகராறு, பங்காளிச் சண்டை எதுவானாலும், அந்தக் குளத்தில் முழுகிச் சன்னிதியில் பிரமாணம் செய்யச் சொன்னால் பெரிய ஆட்களே பின்வாங்கிவிடுவார்கள். குடியை விடுகிறேன் என்று இன்றைக்கும் அங்கே போய்த்தான் சத்தியம் செய்கிறார்கள். போதாததற்கு லிகித முனிவர் கதையை வேறு ஆயா சொல்லியிருந்தாள். கேட்காமல் மாம்பழம் பறித்ததற்காக ராஜா கையை வெட்டிவிட, காணிப்பாக்கத்து ஆற்றில் முழுகியதும் அது திரும்ப வந்த கதை. அதனால்தானே அந்த ஆற்றுக்குப் பாஹுதா, கையைத் தந்தவள், என்று பேர்! நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றேன்.

"அக்கா."

தம்பிதான். விரலை நீட்டி, தெளிவாக, "அக்கா தின்னா" என்றான்.

ஆயா கையிலிருந்த படி கீழே விழுந்து அரிசி சிதறியது. அவளும் அந்த அரிசியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தரம் சொல்லுடா என் சாமி" என்றாள். அவனும் சொன்னான். அன்றைக்கு ராத்திரி தூங்குகிற வரைக்கும் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னான். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து 108 தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டாள் ஆயா. கிணறு வெட்டும்போது தன்னைக் கண்டெடுத்த மூன்று சகோதரர்களில் ஊமையாக இருந்தவருக்குப் பேச்சைக் கொடுத்த சாமியாயிற்றே, வேறு யாரிடம் போவாள்?

கையில் இருந்த காசுக்கு அந்த வருஷம் 54 தேங்காய்தான் வாங்க முடிந்தது. மீதியை அடுத்த வருஷம் என்றாள். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு செலவு முந்திக்கொண்டது. 1999-ல் ஆயா போய்விட்டாள். இந்தச் சித்திரையில் அம்மா போன் செய்து, "என் முழங்கால் மடங்குறப்பவே கணக்கை முடிச்சுடலாம்மா" என்றதும், வேலூரிலிருந்து கிளம்பிவிட்டேன்.

சித்தூரிலிருந்து 11 கிலோமீட்டர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை! திருப்பதி போகிற வேன்களெல்லாம் அங்கேதான் நின்றன. ஆட்டோவிலிருந்து இறங்குவதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஐந்நூறு கொடுத்தால் நேராகச் சாமி முன்னால் நிறுத்துகிறேன் என்றான் ஒருவன். வெளியிலிருந்து கொண்டுவந்த தேங்காயைக் கோயிலில் உடைக்க விடமாட்டார்கள், தன்னிடம்தான் வாங்க வேண்டும் என்று இன்னொருவன் சாக்கைப் பிடித்துக்கொண்டான். அம்மா அவனை நிமிர்ந்து பார்த்து, "இக்கட கூடா அபத்தமேனா நாயனா?" என்று தெலுங்கில் கேட்டாள். இங்கேயுமா பொய்? சாக்கை விட்டுவிட்டுப் போய்விட்டான். வயசானவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் இப்படிப் பயமுறுத்திக் காசு பறிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதுவும் எந்தச் சாமி வாசலில்!

வரிசையில் மூன்று மணி நேரம். அம்மா கம்பியைப் பிடித்தபடி, 1945-ல் போட்ட வெள்ளிக் கவசம் இப்போது சாமிக்குப் பத்தாமல் போனதைப் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சாமி வளர்ந்துக்கிட்டே இருக்காரு. நம்ம பாக்கியும் வளர்ந்திருக்கும்" என்றாள். தம்பி பேச்சுக்குக் கேட்கவே வேண்டாம். மாங்காய் மண்டியில் ஏலம் விடுகிறவன். முன்னால் பத்துப் பேர், பின்னால் பத்துப் பேர் என்று எல்லோருக்கும் அவன் குரல்தான் பொழுதுபோக்கு.

சன்னிதிக்கு வந்தோம். கற்பூரம் ஏற்றினார்கள். கிணற்றுக்குள் வீற்றிருக்கிற என் அப்பனின் கவசம் மின்னியது, கீழே தண்ணீரிலும் அந்த வெளிச்சம் ஆடியது. அர்ச்சகர் தம்பியைப் பார்த்துப் பேரும் நட்சத்திரமும் கேட்டார். அவன் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டார். உதடு மட்டும் துடித்தது, கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர். நான்தான் அவன் பேரைச் சொன்னேன், நட்சத்திரத்தைச் சொன்னேன். ஆயா பேரையும் சேர்த்துச் சொன்னேன். "ஜரகண்டி, ஜரகண்டி" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். தள்ளட்டும். பிள்ளையாரப்பா, உனக்கென்று வைத்திருந்த பழத்தைத் தின்றவள் நான், நீயோ என் தம்பிக்குப் பேச்சைக் கொடுத்தாய். இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்! அத்தனை வருஷம் எங்களைக் காக்க வைக்காமல், நீ அல்லவா எங்களுக்காகக் காத்திருந்தாய்! தீர்த்தம் கையில் விழுந்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்றே தெரிந்தது.

வெளியே வந்ததும் தம்பிக்குக் குரல் திரும்பிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்டியில் கூவுகிற அதே குரலில் "ஒண்ணு!" என்று ஆரம்பித்தான். ஐந்தாறு குழந்தைகள் ஓடிவந்து சில்லு பொறுக்க உட்கார்ந்தார்கள். இருபதைத் தாண்டியபோது அவர்களும் சேர்ந்து எண்ணினார்கள், தெலுங்கில். இளநீர் எங்கள் காலடியில் ஓடியது. சாமி கிடைத்தபோது ஊரார் உடைத்த தேங்காய்த் தண்ணீர் காணி நிலம் பூராவும் பாய்ந்ததால்தான் அந்த ஊருக்கே அந்தப் பேர் என்பார்கள். எங்களுடையது அம்மாவின் புடவைக் கரையை நனைத்தது, அவள் காலை நகர்த்தவே இல்லை. ஐம்பத்து நாலாவதை அவள் கையில் கொடுத்தான். இரண்டு கையாலும் தூக்கி, "அத்தே, இந்தாங்க" என்று போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகச் சமையலறைக்குப் போனாள். கதவைச் சாத்தி, முந்தானையை நனைத்துச் சுவரைத் துடைத்தாள். முதலில் நாலு போனது. ஐந்தைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டு ஈரத் துணியை அவன் கையில் கொடுத்தாள்.