மெதுவாக நடப்பவன் முன்னால்

நாங்கள் வேலூரில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பர்வதமலை வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. 1989இல் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்த பிறகுதான் அது திருவண்ணாமலைப் பக்கம் போனது. அதை அடுத்த மாவட்டத்து மலை என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வருவதில்லை. இங்கே சிங்கப்பூரில் நம் பள்ளிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் அந்த மலை ஏறிய ராத்திரிக்கு வந்துவிடும். பள்ளிப் பழைய மாணவர் மலருக்கு எழுதச் சொன்னதும் வேறு எதையும் யோசிக்கவில்லை.

வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி, கண்ணமங்கலம் தாண்டி, போளூரில் இறங்கினோம். அங்கிருந்து பஸ்ஸில் தென்மாதிமங்கலம். மாசிப் பௌர்ணமி. சுமார் 4,500 அடி மலை. மேலே போகப் போக வெறும் பாறை. பகலில் ஏறினால் அந்தப் பாறை வெயிலை வாங்கி நம் மேல் திருப்பி அடிக்கும். அதனால்தான் இரவில் ஏறுவது. ஆளுக்கு ஒரு பொட்டலம் புளிச்சோறு, டவுசர் பையில் வறுத்த வேர்க்கடலை, தோளில் தண்ணீர். மலைமேல் தண்ணீரை நம்ப முடியாது என்று டிரில் மாஸ்டர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அடிவாரத்தில் அவர் எங்களை வரிசையாக நிறுத்தினார். ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்கிற பையன்கள் தாமாகவே முன்னால் போய் நின்றார்கள். அவர்களை எல்லாம் பின்னால் அனுப்பிவிட்டு, வகுப்பிலேயே மெதுவாக நடக்கிற, வேலூர் சைதாப்பேட்டைப் பையனைக் கூப்பிட்டு முதலில் நிறுத்தினார். "இவன் நடக்கிறதுதான் இன்னைக்கு எல்லாருக்கும் நடை. இவனைத் தாண்டி எவனும் போகக் கூடாது" என்றார். டார்ச் லைட் இரண்டுதான். ஒன்று அந்தப் பையன் கையில். இன்னொன்றுடன் மாஸ்டர் கடைசியில் வந்தார். நடுவில் நடந்த எங்களுக்கு நிலா வெளிச்சம். மரம் அடர்ந்த இடங்களில் அதுவும் கிடையாது, முன்னால் போகிறவன் சட்டைதான் வழி.

தமிழ் ஐயாவும் எங்களோடு வந்திருந்தார். படிகள் முடிந்து கரடுமுரடான பாதை தொடங்கும் இடத்தில் உட்கார்ந்தபோது, பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாம் சொல்லும், சிற்றரசன் நன்னனின் நவிரமலை இதுதான் என்றார். பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு அது. எங்கே குழி இருக்கும், எங்கே வழுக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போங்கள் என்கிறது. இருட்டிவிட்டால் வீட்டுக்குள் நுழைவதுபோல் குகையில் போய்த் தங்குங்கள் என்கிறது. பாடப் புத்தகத்தில் வெறும் பெயராக மனப்பாடம் செய்திருந்த நன்னன் அன்றுதான் எனக்கு நம் ஊர் ஆளாகத் தெரிந்தான். அந்த ஒரு பேச்சுக்காகவே ஐயாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பாதி மலையில் ஒருவனுக்குக் கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. மாஸ்டர் அவன் காலை மடியில் வைத்து உருவிவிட்டார். உப்பும் வெல்லமும் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்தார். அவன் பை என் தோளுக்கு வந்தது, அப்புறம் இன்னொருவன் தோளுக்குப் போனது. அவன் வரிசையில் இரண்டாவது ஆளாக நின்று நடக்க ஆரம்பித்தான்.

உச்சிக்குக் கீழே கடப்பாரைப் படி. ஏறியவர்களுக்குத்தான் அது தெரியும். செங்குத்தான பாறையில் இரும்புக் கம்பிகளை அறைந்திருக்கிறார்கள்; பிடித்துக்கொள்ளச் சங்கிலி. பாதத்தை நேராக வைத்தால் நிற்காது, பக்கவாட்டில் வைக்க வேண்டும். பனியில் நனைந்த சங்கிலி கையில் சில்லென்று ஒட்டும், விட்டால் உள்ளங்கையில் துரு வாசனை. மேலே ஒருவன் கால் மாற்றினால் கீழே நிற்பவன் கையில் சங்கிலி அதிரும். ஒரு சமயத்தில் ஒருவன்தான் ஏற வேண்டும் என்பது மாஸ்டர் உத்தரவு. மேலே போனவன் "ஏறிட்டேன்" என்று கத்தியதோடு விடாமல் அங்கேயே படுத்துக் கீழே பார்த்து, "இடது கால் இன்னும் கொஞ்சம் மேல... அங்கதான், வை" என்று அடுத்தவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் ஏறியதும் அவன் படுத்து அடுத்தவனுக்கு. இருபதுக்கு மேற்பட்ட பையன்கள் இப்படியே ஏறினோம். எனக்குக் கால் நடுங்கியது. மேலேயிருந்து வந்த குரல் நிற்கவே இல்லை. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கால் வைத்தேன்.

இப்போது சிலர் எத்தனை மணி நேரத்தில் உச்சியைத் தொட்டோம், யார் முதலில் தொட்டது என்று பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. முன்னால் ஓடுகிறவன் மூச்சு வாங்க உட்காருவான். பின்னால் வருகிறவன் அவனை எட்டிப் பிடிப்பதற்குள் எழுந்து போய்விடுவான். ஓய்வு வேண்டியவனுக்கு ஓய்வே கிடைக்காது. மெதுவாக நடப்பவனை முன்னால் விட்டால் அவன் நிற்கும்போது எல்லோரும் நிற்கிறார்கள், வரிசை அறுவதில்லை. எங்கள் மாஸ்டர் யாரையும் மலையில் விட்டுவிட்டு வரவில்லை என்றால் காரணம் அதுதான்.

மேலே மல்லிகார்ஜுனர், பிரம்மராம்பிகை சன்னதி. அங்கே நாமே சாமிக்குப் பூ வைக்கலாம், தண்ணீர் ஊற்றலாம். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினோம். நல்ல குளிர்காற்று. போர்வை கொண்டுவந்தவன் கொண்டுவராதவனையும் சேர்த்து மூடிக்கொண்டான். விடிந்ததும் தெற்கே அண்ணாமலை, வடமேற்கே ஜவ்வாது மலைத் தொடர், கீழே ஏரிகள். புளிச்சோறு அப்போதுதான் பிரிந்தது.

கடலாடிப் பாதையில் இறங்கினோம். இறங்கும்போதும் முதல் ஆள் அதே சைதாப்பேட்டைப் பையன்தான்.

மாஸ்டர் இன்று இல்லை. எங்களை நிறுத்திய வரிசையை அவர் பேரேட்டில் எழுதிவைத்திருந்தார், அது எங்கே போனதோ. முதல் ஏழு பேர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் பின்னால் நின்று ஏறியவனும் ஞாபகம் இருக்கிறான். மற்ற இடங்களில் நின்றவர்கள் இதைப் படித்தால் மலர்க்குழுவுக்கு எழுதுங்கள். அடுத்த மலரில் அந்த வரிசையை முழுசாகப் போட்டுவிடலாம்.