லைட்டு போச்சுன்னா மொத போன் எனக்குத்தான்

மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெ மில்லுல சார்ஜ்மேனா இருக்கேன், கரண்டு வேலைக்கெல்லாம் பொறுப்பு. மழ இருட்டிகிட்டு வந்தாலே தோட்டத்து லைன் வீட்டுலேர்ந்து (வரிசையா இருக்குற தொழிலாளிங்க வீடு) யாராவது ஒரு அக்கா போன் போட்டுருவாங்க, "தம்பி, கரண்டு எப்ப வரும்?" என்னமோ நாந்தான் சுவிட்ச அமத்துன மாதிரி.

நம்மாளுங்க லைட்டு போனா ஒடனே கிரிட்டே, அதான் நாட்டோட மொத்த கரண்டு வலையே, விழுந்துருச்சுன்னு வாட்சப்புல கெளப்பிருவாங்க. கிரிட் விழுறதுன்னா 1996 ஆகஸ்ட் 3, திரங்கானு பாக்கா பவர் ஸ்டேஷன்ல ஆரம்பிச்ச டிரிப்புல தீபகற்ப மலேசியாவே இருட்டாச்சே, அது. எங்க பக்கம் போறதெல்லாம் ஊருக்குள்ள வர்ற 11 கேவி (11,000 வோல்ட்) லைன்லதான், இடி, மரக்கிளை, செம்பனை மட்டை, சில நேரம் கொரங்கு. லைட்டு ஒரு தடவ சிமிட்டிட்டு நின்னுச்சுன்னா மட்டை பட்டுட்டு கீழ விழுந்துருச்சு, ரீக்ளோசர்னு லைன்ல இருக்குற ஆட்டோ சுவிட்ச் தானா திரும்ப போட்டுருச்சுன்னு அர்த்தம், ஆனா சிமிட்டி சிமிட்டி ஒரேடியா போச்சுன்னா ஏதோ லைன்லயே கெடக்கு, லைன் சரி பண்ண வர்ற அபாங் (அண்ணன்) மழையில லைன் ஓரமாவே தேடிகிட்டு போவணும். அப்ப அக்காகிட்ட சொல்லிருவேன், "ரைஸ் குக்கர நம்பாதீங்க, கேஸ்ல வைங்க."

பேராக்ல கரண்டுக்கு பஞ்சம் இல்ல. செண்டரோ அணை 1930லேர்ந்து இருக்கு, மேல தெமங்கோர், கடலோரம் மஞ்சோங்ல நிலக்கரி ஸ்டேஷன். பிரச்சன கடைசி மைல்ல. டவுனுக்கு ரெண்டு பக்கமும் சப்ளை உண்டு, ஒண்ணு போனா இன்னொண்ணுல மாத்திருவாங்க, எங்க தோட்டம் ஒத்த லைனோட வால்ல தொங்குது. தீபகற்பத்துல ஒரு கஸ்டமருக்கு வருஷத்துக்கு 50 நிமிஷத்துக்கும் கொறச்சலாத்தான் கரண்டு போகுதுன்னு சமீப வருஷத்து கணக்கு. கணக்கு சரிதான், ஆனா கோலாலம்பூர் காண்டோ அடுக்குமாடியையும் எங்க லைன் வீட்டையும் ஒண்ணா கூட்டி வகுத்தது அது.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, செம்பனைப் பழத்து நாரு, கொட்டை ஓடு எல்லாத்தையும் பாய்லர்ல போட்டு எரிச்சு மில்லு தன் கரண்ட தானே எடுத்துக்குது, டர்பைன் ஓடுற சத்தம் வீடு வரைக்கும் கேக்குது, வீட்டுல மெழுகுவத்தி. "ஒரு வயர் இழுத்து விடேன்டா"ன்னு பெரியப்பா கேக்காத வருஷம் இல்ல. பப்ளிக் லைன்ல நம்ம கரண்டு திரும்பி ஏறுனா போஸ்ட்டுல இருக்குற அபாங் செத்துருவாரு பெரியப்பா, அதெல்லாம் முறையா மாத்துற சுவிட்ச் வேணும், பர்மிட் வேணும்னு சொன்னா, எங்க காலத்துல மில்லு கரண்டுலதான் வெளக்கு எரிஞ்சுச்சும்பாரு. அவரு சொல்றதும் உண்மதான்.

இன்னொரு பக்கத்துலேர்ந்து லைன் இழுத்தா பாதி தீந்துரும், இந்த நாலு வரிச வீட்டுக்கு எவன் அந்த செலவு பண்ணுவான். லைன் ஓரத்து மரத்தையாவது எடுத்துருங்கன்னு மேனேஜர்கிட்ட கேட்டுகிட்டேதான் இருக்கேன், காய்க்கிற மரம்னு அவருக்கு மனசு வர மாட்டேங்குது.