சந்தில் ஐந்தடி குறைக்கக் கேட்டு அலைந்த கதை

ஒருவழியாகப் போன வாரம் பிளானிங் அண்ட் ஜோனிங் கமிஷனில் (மனைப் பிரிப்பை அனுமதிக்கும் ஊர்க் குழு) 4-க்கு 2 என்ற கணக்கில் எங்கள் வேரியன்ஸ், அதாவது விதியிலிருந்து விலக்கு, தேறிவிட்டது. டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகர். பெயரைச் சொல்லவில்லை, பில்டிங் பெர்மிட்டுக்கும் இனி அதே கவுன்ட்டரில்தான் போய் நிற்க வேண்டும். (எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் ஜோனிங் சட்டமே இல்லாத ஹூஸ்டனில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.)

நண்பர்கள் சில குடும்பங்களாகச் சேர்ந்து ஒரு பழைய குடியிருப்பில் பெரிய மனை ஒன்றை வாங்கினோம். அதை ரீப்ளாட் செய்து (பதிவான மனை வரைபடத்தை மாற்றி வரைந்து) சிறிய மனைகளாகப் பிரித்து அடுத்தடுத்து வீடு கட்டிக்கொள்வதாகத் திட்டம். வாசல் தெருவைப் பார்த்து, கராஜ் பின்னால் சந்தில். ஊர் விதிப்படி புதுச் சந்துக்கு 20 அடி அகலம் விட வேண்டும். எங்களால் 15-தான் முடியும். பின்னால் ஓடை வடிகாலுக்கென ஒதுக்கிய நிலம் (ஈஸ்மென்ட்) கிடக்கிறது. அதைத் தொட முடியாது. முன்பக்கம் நகர்ந்தால் மனையின் ஆழம் விதிக்குக் கீழே போய்விடும். இத்தனைக்கும் எங்கள் சந்து போய்ச் சேரும் பக்கத்துக் குடியிருப்பின் பழைய சந்தே 15 அடிதான்.

சர்வே, எஞ்சினியரின் வரைபடம், சிட்டியோடு முதல் கூட்டம் எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தன. வினை கவுன்ட்டரில் ஆரம்பித்தது.

‘வேரியன்ஸ்’ என்று வாயைத் திறந்ததுமே அங்கிருந்தவர் ஜோனிங் வேரியன்ஸ் படிவத்தை எடுத்து நீட்டினார். அது போர்டு ஆஃப் அட்ஜஸ்ட்மென்டுக்கு (ஜோனிங் விலக்குகளை விசாரிக்கும் குழு) போவது. டெக்சாஸ் சட்டப்படி அங்கே உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஐந்து பேர் போர்டு என்றால் நான்கு ஓட்டு. அதற்கேற்றபடி படமெல்லாம் தயார் செய்து, பணமும் கட்டி, தேதிக்காகக் காத்திருந்தபோது சிட்டி வக்கீலிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சந்தின் அகலம் ஜோனிங் விதியில் இல்லையாம், சப்டிவிஷன் (மனைப் பிரிப்பு) விதியில் இருக்கிறதாம். போர்டுக்கு அதில் கைவைக்க அதிகாரமே கிடையாது, பிளானிங் கமிஷனுக்குப் போங்கள். சரி, கட்டிய பணம்? திருப்பித் தரும் வழக்கமில்லை.

ஆகவே எந்தப் படிவத்தையும் தொடுவதற்கு முன்னால், ‘நான் விலக்குக் கேட்கும் விதி எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். கவுன்ட்டரில் வாயால் சொன்னதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அடுத்தது 30 நாள் விவகாரம். ரீப்ளாட் மனு கொடுத்த 30 நாளுக்குள் சிட்டி முடிவு சொல்ல வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கேட்க நமக்குச் சாதகம் போலத்தான் இருக்கும். நடப்பது வேறு. கெடு நெருங்கும்போது, ‘நீங்களாகவே அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுங்கள், இல்லையென்றால் நிராகரிப்போம்’ என்கிறார்கள். பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

வேரியன்ஸ் இல்லாத ரீப்ளாட்டுக்குப் பொது ஹியரிங்கே (மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம்) தேவையில்லை. வேரியன்ஸ் கேட்ட நிமிடம் ஹியரிங், அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம், 15 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் அறிவிப்பு ஒருநாள் தாமதமாக வெளியானது. அது தெரியாமல் எல்லாரும் லீவு போட்டுவிட்டு, எஞ்சினியருக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். ‘இன்றைக்கு எடுக்க முடியாது, அடுத்த மாதம்’ என்று அனுப்பிவிட்டார்கள். அறிவிப்பு வந்த தேதியை நீங்களே பத்திரிகை வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இடைவெளியில் எதிர்ப்புக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் எங்கள் சந்து போய்ச் சேரும் அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து. எங்கள் மனுவைக் கவனிக்கும் சிட்டி அலுவலரான கேஸ் பிளானர் கூப்பிட்டு, எதிர்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, இனி வந்திருக்கும் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் ஓட்டு வேண்டும் என்றார். ஆறு பேர் வந்தால் ஐந்து. எங்களுக்கு அத்தனை தேறாது என்று அப்போதே தெரியும்.

அன்றிரவு டெக்சாஸின் உள்ளாட்சிச் சட்டமான லோக்கல் கவர்ன்மென்ட் கோடில் பிரிவு 212.015-ஐ எழுத்து விடாமல் படித்தேன். அந்த 20 சதவீதம் ஆட்களின் கணக்கு இல்லை, நிலப்பரப்பின் கணக்கு. ரீப்ளாட் நிலத்தைச் சுற்றி 200 அடி, அதுவும் எங்கள் மனை அடங்கிய மூலக் குடியிருப்பின் எல்லைக்குள் மட்டும். தெருவும் சந்தும்கூட மொத்தப் பரப்பில் சேரும். பிளானரோ பக்கத்துக் குடியிருப்பு வீடுகளையும் சேர்த்து, தெருக்களை விட்டுவிட்டுக் கூட்டியிருந்தார். சர்வேயரை விட்டுத் திரும்ப அளந்தால் 20-க்குப் பாதிகூட வரவில்லை. சட்டத்தின் அந்தப் பகுதியையும் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். மறுநாள் ஒற்றை வரியில் பதில்: ‘சாதாரணப் பெரும்பான்மை போதும்.’ மன்னிப்பெல்லாம் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியைப் படிக்கப் படிக்க இனித்தது.

கணக்கில் வராவிட்டாலும் எதிர்த்தவர்கள் நாளை அதே சந்தில் எதிரே வரப்போகிறவர்கள். வீடு வீடாகப் போய்ப் பேசினோம். ஒரு பெரியவருக்கு இருந்த ஒரே பயம், குப்பை லாரி திரும்பும்போது தன் வேலியை இடித்துவிடும் என்பதுதான். குப்பைத் தொட்டிகளை முன்தெருவிலேயே வைக்கிறோம், லாரி சந்துக்குள் நுழையாது என்று குப்பை கான்ட்ராக்டரிடம் எழுதி வாங்கிக் காட்டியதும் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நிஜமாகக் காப்பாற்றியது ஊரின் தீத்தடுப்பு அதிகாரியான ஃபயர் மார்ஷலின் கடிதம். தீயணைப்பு வண்டி வரும் வழிக்கு 20 அடி அகலமும் 13 அடி 6 அங்குல உயரமும் தடையில்லாமல் வேண்டும். 15 அடிச் சந்து அதில் தேறவே தேறாது. ஆனால் முன்தெருவிலிருந்து வீட்டின் எல்லாப் பக்கத்து வெளிச்சுவரும் 150 அடிக்குள் எட்டினால், சந்தைத் தீயணைப்பு வழியாகக் கணக்கிட வேண்டிய அவசியமே இல்லை. ‘இந்தச் சந்து தீயணைப்பு வழி அல்ல’ என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகு, கமிஷனில் யாரும் தீயைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. முதல் நாளே அவரைப் போய்ப் பாருங்கள்.

வேரியன்ஸ் மனுவோடு கொடுக்கும் விளக்கக் கடிதத்தில் பணத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். ‘ஒரு மனை குறைந்துவிடும், நஷ்டம்’ என்று எழுதினால் அங்கேயே முடிந்தது. கஷ்டம் நிலத்தில் இருக்க வேண்டும்: ஓடை, ஈஸ்மென்ட், ஏற்கெனவே இருக்கும் 15 அடிச் சந்து.

ஹியரிங்கில் ஓர் உறுப்பினர் கேட்டது ஒரே கேள்விதான்: பிக்கப் டிரக்கைக் கராஜிலிருந்து பின்னால் எடுத்துத் திருப்ப முடியுமா? டெக்சாஸில் வேறென்ன கேட்பார்கள்! கராஜ்களைச் சந்தின் எல்லையிலிருந்து 20 அடி உள்ளே தள்ளியிருந்ததால், வண்டி திரும்பும் வளைவை எஞ்சினியர் படமாகவே காட்டினார். அவர் ஓட்டு எங்களுக்குத்தான் விழுந்தது.

இனி பத்திரங்களைப் பதியும் கவுன்டி கிளார்க்கிடம் ரீப்ளாட் பதிவு. சொத்து வரி பாக்கியில்லை என்ற சான்றிதழ் ஒவ்வொரு வரி அமைப்பிடமிருந்தும் வேண்டும். செப்டம்பர் 1-ஐத் தாண்டினால் அந்த ஆண்டின் வரி ரசீதோ, வரி இன்னும் கணக்கிடப்படவில்லை என்ற கடிதமோ கூடுதலாகக் கேட்பார்கள். அதற்குள் சர்வேயரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று தினமும் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.